ரேகைச் சட்டமும் ரோசாப்பு வக்கீலும்



போன மாதம் ஆடலூரில் நடந்த குழுக் கூட்டத்தில் சேமிப்பு, சந்தா, உள்கடன் எல்லாம் எழுதி முடித்த பிறகு ஒரு பேச்சு வந்தது. காப்பிப் பழம் பறிக்கும் நேரம் என்பதால் பாதிப் பேர் களைத்துப்போய் உட்கார்ந்திருந்தார்கள். வெளியே மூடுபனி. "அடுத்த கூட்டத்தில் சட்டம் பற்றிப் பேசலாமா?" என்று கேட்டேன். உடனே ஒரு அக்கா, "வேண்டாம் மேடம். வக்கீலுன்னாலே வயித்தக் கலக்குது. கோர்ட்டுப் படி ஏறுனா வீட்டுப் படி இறங்கணும்னு சொல்லுவாங்க" என்றார். எல்லோரும் சிரித்தோம்.

அப்போது மூலையில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியம்மா வாயைத் திறந்தார். உசிலம்பட்டிப் பக்கம் பிறந்து, கல்யாணமாகி மலைக்கு வந்தவர். "எல்லா வக்கீலும் அப்படியில்ல தாயி. எங்க தாத்தா கூடப் பொறந்தவருக்கு ரோசாப்புன்னு பேரு. ஒரு வக்கீலு பேரத்தான் வச்சாங்க" என்றார். "ஆம்பளைக்கு ரோசாப்பூன்னு பேரா?" என்று மறுபடியும் சிரிப்பு. பெரியம்மா சிரிக்கவில்லை. "ஒங்களுக்கு அந்தக் கத தெரியாது" என்றதோடு நிறுத்திக்கொண்டார்.

அந்தக் கதைதான் இந்த மாதப் பாடம். குழுவில் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவர் ஒருவர் சத்தமாக வாசிக்க, மற்றவர்கள் கேளுங்கள். இடையில் நிறுத்திப் பேசுங்கள். ஒரே கூட்டத்தில் முடிக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

அந்த வக்கீலின் பேர் ஜார்ஜ் ஜோசப். நம்ம ஊர்க்காரர் அல்ல. இன்று கேரளத்தில் இருக்கும் செங்கன்னூரில் 1887 ஜூன் 5ஆம் தேதி பிறந்தார். கிறிஸ்தவக் குடும்பம். சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் படித்து, ஸ்காட்லாந்தில் எடின்பரோவில் எம்.ஏ. முடித்து, லண்டனில் சட்டம் படித்து பாரிஸ்டர் ஆனார். 1909இல் ஊர் திரும்பினார். முதலில் சென்னையில் தொழில் தொடங்கி, பிறகு மதுரைக்கு வந்து அங்கேயே தங்கிவிட்டார். கோட்டும் சூட்டும் போட்ட, இங்கிலீஷ் பேசும் பாரிஸ்டர். அவர் நினைத்திருந்தால் பணக்காரர்களுக்கு மட்டும் கேஸ் நடத்தி வசதியாக இருந்திருக்கலாம்.

அவரைத் தேடி வந்தவர்கள் யார் என்று சொல்வதற்கு முன்னால் ஒரு சட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது புரியாவிட்டால் இந்த மனிதரையும் புரிந்துகொள்ள முடியாது.

ரேகைச் சட்டம் என்றால் என்ன?

வெள்ளைக்காரன் ஆட்சியில் 1871இல் குற்றப் பரம்பரைச் சட்டம் என்று ஒன்று கொண்டுவந்தார்கள். முதலில் வட இந்தியாவில் இருந்தது. 1911இல் அதைத் திருத்தி எழுதியபோது நம்ம சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ஒருவர் திருடினார் என்று நிரூபித்துத் தண்டனை கொடுப்பதுதானே சட்டம்? இது அப்படி அல்ல. ஒரு சாதியையே, ஒரு கூட்டத்தையே 'குற்றப் பரம்பரை' என்று அரசாங்கம் அறிவித்துவிடும். அதற்குப் பிறகு அந்தக் கூட்டத்தில் பிறந்தவன் திருடினானா இல்லையா என்ற கேள்வியே கிடையாது. பிறந்ததே குற்றம்.

பேரைப் பதிவு செய்ய வேண்டும். கைரேகை வைக்க வேண்டும். அதனால்தான் மதுரைப் பக்கம் மக்கள் இதை 'ரேகைச் சட்டம்' என்றார்கள். பதிவான ஆம்பிளைகள் ராத்திரியில் தங்கள் வீட்டில் படுக்க முடியாது. போலீஸ் சொல்லும் இடத்தில் போய்ப் படுக்க வேண்டும். வெளியூர் போனால் கையில் சீட்டு வேண்டும். 'ராத்திரிச் சீட்டு' என்ற வார்த்தையை உசிலம்பட்டி, கருமாத்தூர்ப் பக்கத்துப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள்.

மதுரைக்கு மேற்கே வாழும் பிறமலைக் கள்ளர் சமுதாயத்தின் மேல் 1914 தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக ஊர் ஊராக இந்தச் சட்டம் விழுந்தது. அவர்கள் மட்டும் அல்ல, குறவர் உட்பட இன்னும் எத்தனையோ சமுதாயங்கள் இதில் மாட்டின.

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்தி, உங்கள் வீட்டை நினைத்துப் பாருங்கள். நம்ம மலையில் ராத்திரி வாழைத் தோட்டத்துக்குள் காட்டுப்பன்றி புகுந்தால், காட்டுமாடு வந்தால், வீட்டு ஆம்பிளைகள் தீப்பந்தமும் டப்பாவும் எடுத்துக்கொண்டு ஓடுகிறார்கள். அந்த நேரத்தில் அத்தனை ஆம்பிளைகளும் போலீஸ் கண்காணிப்பில் வேறு இடத்தில் படுத்துக் கிடந்தால் தோட்டத்துக்கு யார் போவது? பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் யாரைக் கூப்பிடுவது? இந்தச் சட்டத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் ஆம்பிளைகள் பட்ட கஷ்டத்தைத்தான் அதிகம் எழுதுகிறார்கள். ராத்திரி முழுக்கக் கதவைச் சாத்திக்கொண்டு பிள்ளைகளோடு தனியே கிடந்த பொம்பளைகளைப் பற்றி யாரும் கணக்கு எடுக்கவில்லை. உங்கள் குழுவில் அந்தப் பக்கத்துக் குடும்பத்தவர் இருந்தால் கேளுங்கள். பாட்டி சொன்ன கதை ஏதாவது இருக்கும்.

1920 ஏப்ரல் 3. உசிலம்பட்டிப் பக்கம் பெருங்காமநல்லூர் என்ற ஊர். ரேகை எடுக்க வந்தார்கள். ஊர் மக்கள் மறுத்துவிட்டார்கள். போலீஸ் சுட்டது. குறைந்தது 16 பேர் செத்தார்கள். அதில் மாயக்காள் என்ற பெண்ணும் ஒருவர். குண்டடி பட்டுக் கிடந்தவர்களுக்குத் தண்ணீர் கொண்டுபோனவர் அவர். அந்த ஊரில் நினைவுத் தூண் இருக்கிறது. அந்த வழியாகப் பஸ்ஸில் போகும் சகோதரிகள் ஒரு நாள் இறங்கிப் பார்த்துவிட்டு வாருங்கள்.

கேட்க முடியாத கேள்வி

இந்தச் சட்டத்தில் இன்னொரு வேலையும் செய்து வைத்திருந்தார்கள். ஒரு சாதியைக் குற்றப் பரம்பரை என்று அரசாங்கம் அறிவித்தது சரியா தப்பா என்று எந்தக் கோர்ட்டிலும் கேட்க முடியாது. கோர்ட்டுக்கு அந்த அதிகாரமே இல்லை என்று சட்டத்திலேயே எழுதி விட்டார்கள். அப்படியானால் வக்கீல் என்னதான் செய்ய முடியும்?

ஜார்ஜ் ஜோசப் செய்தது இதைத்தான். சட்டத்தை உடைக்க முடியாது என்று தெரிந்தும், அதில் மாட்டிய ஆட்களுக்காகக் கோர்ட்டில் போய் நின்றார். எழுதப் படிக்கத் தெரியாத, கையில் காசில்லாத ஜனங்களுக்காக அவர்களுடைய கேஸ்களை நடத்தினார். கோர்ட்டில் பேச முடியாததைப் பத்திரிகையில் எழுதினார். இந்தச் சட்டம் அநியாயம் என்று மேடையில் பேசினார். அன்று போலீசுக்கு எதிராக 'குற்றப் பரம்பரை' பக்கம் நின்று ஒரு பாரிஸ்டர் பேசுவது சின்ன விஷயம் அல்ல. படித்தவர்கள் பலரும் "இவர்கள் திருடர்கள்தானே" என்று நினைத்த காலம் அது.

கிராமத்து ஜனங்கள் அவரை 'ரோசாப்பு துரை' என்று கூப்பிட்டார்கள். ஜோசப் என்ற பேர் அவர்கள் வாயில் ரோசாப்பு ஆகிவிட்டது என்று சிலர் சொல்கிறார்கள். அவர் கோட்டில் ரோஜாப்பூ செருகியிருப்பார், அதனால் வந்த பேர் என்று வேறு சிலர் சொல்கிறார்கள். எனக்கு முதல் காரணம்தான் சரியாகப் படுகிறது. நம்ம ஜனங்கள் பேரைத் தங்கள் நாக்குக்கு ஏற்ற மாதிரி மாற்றினால் அந்த ஆளைச் சொந்தமாக்கிக்கொண்டார்கள் என்று அர்த்தம். பிள்ளைகளுக்கு அந்தப் பேரை வைத்தார்கள். நம்ம பெரியம்மா வீட்டில் ஒரு ரோசாப்பு இருந்தது அப்படித்தான்.

மற்ற வேலைகள்

வக்கீல் தொழிலோடு அவர் நிற்கவில்லை. 1917இல் அன்னி பெசன்ட் அம்மையார், இந்தியாவுக்குச் சுயாட்சி வேண்டும் என்று இங்கிலாந்தில் பேச மூன்று பேரை அனுப்பினார். அதில் ஜோசப்பும் ஒருவர். வழியில் ஜிப்ரால்டரில் கப்பலை மறித்து, அவர்களைப் பிடித்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். 1918இல் மதுரை ஹார்வி மில் தொழிலாளிகளுக்குச் சங்கம் ஆரம்பிக்கத் துணை நின்றார். அதன் ஆரம்பப் போராட்டங்களால் கூலி கூடியது, வேலை நேரம் குறைந்தது. ஆனால் மில் முதலாளிகளும் அரசாங்கமும் சேர்ந்துகொண்டதால் சங்கம் நிலைக்கவில்லை. சங்கம் ஆரம்பிப்பதை விட அதைக் கட்டிக் காப்பதுதான் கஷ்டம் என்று கூட்டமைப்பு நடத்தும் நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

காந்தி ஒத்துழையாமை இயக்கம் தொடங்கியதும் நன்றாக ஓடிக்கொண்டிருந்த வக்கீல் தொழிலை விட்டார். அலகாபாத் போய் மோதிலால் நேருவின் 'இண்டிபெண்டண்ட்' பத்திரிகைக்கு ஆசிரியர் ஆனார். 1921 கடைசியில் சிறை. லக்னோ சிறையில் ஜவஹர்லால் நேருவும் கூட இருந்தார். வெளியே வந்ததும் 1923இல் காந்தியின் 'யங் இந்தியா' பத்திரிகையை நடத்தினார்.

இதையெல்லாம் புத்தகங்கள் பெருமையாகச் சொல்கின்றன. அவர் மனைவி சூசன்னா பற்றி ஒரு வரி, இரண்டு வரிதான் வருகிறது. வக்கீல் வருமானம் நின்றுபோன வீட்டை, கணவர் ஜெயிலில் இருந்த நாட்களில் யார் ஓட்டியிருப்பார்கள் என்று நமக்குத் தெரியாதா?

1924இல் வைக்கம். திருவிதாங்கூரில் வைக்கம் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் ஈழவர்களும் மற்ற ஒடுக்கப்பட்ட சாதியினரும் நடக்கக்கூடாது என்று தடை இருந்தது. கோயிலுக்குள் போவது இருக்கட்டும், தெருவிலேயே நடக்கக்கூடாது. அதை எதிர்த்து மார்ச் 30ஆம் தேதி சத்தியாக்கிரகம் தொடங்கியது. ஜோசப் முன்னால் நின்றார். காந்தி அவருக்குக் கடிதம் எழுதினார். இது இந்துக்கள் செய்ய வேண்டிய பிராயச்சித்தம், கிறிஸ்தவரான நீங்கள் ஒதுங்கிக்கொள்ளுங்கள் என்பது அதன் கருத்து. ஜோசப்புக்கு இது ஏற்கவில்லை. பொதுத்தெருவில் நடப்பது குடிமகனின் உரிமை, அதில் மதம் எங்கே வந்தது என்பது அவர் நியாயம். இரண்டு பேருமே பெரியவர்கள். ஆனாலும் இந்த ஒரு விஷயத்தில் ஜோசப் பக்கம்தான் நியாயம் என்று நான் நினைக்கிறேன். உங்கள் குழுவில் வேறு மாதிரி நினைப்பவர்கள் இருப்பார்கள். பேசிப் பாருங்கள்.

தலைவர்கள் ஒவ்வொருவராகக் கைதாகி ஜெயிலுக்குப் போனதும், ஈரோட்டில் இருந்த பெரியாருக்குப் போராட்டத்தை நடத்த வரச் சொல்லிக் கடிதம் போனது. அதில் ஜோசப்புக்கும் பங்கு உண்டு. பெரியார் வந்தார். பிறகு அவர் மனைவி நாகம்மையும், தங்கை கண்ணம்மாளும் வந்து பெண்களைத் திரட்டிப் போராடினார்கள். நூறு வருஷத்துக்கு முன்னால், வேற்று ஊரில், வேற்று மொழி பேசும் இடத்தில்! வட்டாரக் கூட்டத்துக்கு வரச் சொன்னாலே "வீட்ல விடமாட்டாங்க மேடம்" என்று சொல்லும் சகோதரிகளுக்காக இதைக் கொஞ்சம் அழுத்தியே எழுதுகிறேன். கோபிக்க வேண்டாம்.

வைக்கத்துக்குப் பிறகு ஜோசப் மறுபடி மதுரையில் வக்கீல் தொழிலுக்கு வந்தார். கட்சிக்குள் கருத்து வேறுபாடுகள், மனக் கசப்புகள் இருந்தன. 1933இல் விருதுநகரில் வெடிகுண்டு வழக்கு ஒன்று போட்டார்கள். அதில் ஒரு இளைஞர் பேரையும் சேர்த்தார்கள். அவர்தான் நம்ம காமராஜர். அவருக்காக வாதாடியவர்களில் ஜார்ஜ் ஜோசப்பும் ஒருவர். காமராஜர் விடுதலையானார். அந்தக் கேஸ் வேறு மாதிரி முடிந்திருந்தால் பிற்காலத்தில் நம்ம பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாடு போட்ட முதலமைச்சர் கிடைத்திருப்பாரா என்று அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

1937இல் மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலி சேர்ந்த தொகுதியிலிருந்து டெல்லி மத்திய சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அடுத்த வருஷமே, 1938 மார்ச் 5ஆம் தேதி, மதுரை அமெரிக்கன் மிஷன் ஆஸ்பத்திரியில் காலமானார். வயது 50தான்.

ரேகைச் சட்டம் அப்போதும் உயிரோடு இருந்தது. அது ஒழிந்ததை அவர் பார்க்கவில்லை. முத்துராமலிங்கத் தேவர் உட்படப் பலர் தொடர்ந்து போராடி, 1947இல்தான் சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் ரத்தானது. நாடு முழுக்க ரத்தானது 1952 ஆகஸ்ட் 31ஆம் தேதி. சாதிச் சான்றிதழில் 'சீர்மரபினர்' என்று வருகிறதே, அது இந்தப் பழைய பட்டியலில் இருந்த சமுதாயங்களுக்கு வந்த பேர். ஜெயிக்காமலே போன ஒரு வக்கீலுக்கு மதுரை யானைக்கல்லில் சிலை வைத்திருக்கிறார்கள். பிறந்த நாளன்று மாலை போடுகிறார்கள். கேஸ் ஜெயித்துக் கொடுத்த எத்தனையோ வக்கீல்கள் பேர் நமக்குத் தெரியாது.

நம்ம கைரேகை

அந்தக் காலத்தில் கட்டாயப்படுத்திக் கைரேகை எடுத்தார்கள். இன்று நாமே போய் வைக்கிறோம். ஒரு விஷயம் சொல்கிறேன், என் வீட்டில் நடந்தது.

என் அம்மாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், படிக்க வராது. பக்கத்து வீட்டுக்காரர் ஒரு தனியார் கடன் கம்பெனியில் கடன் வாங்கும்போது, "சும்மா சாட்சிக் கையெழுத்துத்தான் அக்கா" என்று கூட்டிப் போனார். அம்மாவும் போட்டார். ஒன்றரை வருஷம் கழித்து எங்கள் வீட்டுக்கு வக்கீல் நோட்டீஸ் வந்தது. அம்மா போட்டது சாட்சிக் கையெழுத்து அல்ல, ஜாமீன் கையெழுத்து. வாங்கியவர் கட்டவில்லை என்றால் ஜாமீன்தாரர் கட்ட வேண்டும். சமூகப்பணி படித்த நான் ஊர் ஊராகப் போய் "படிக்காமல் கையெழுத்துப் போடாதீங்க" என்று பயிற்சி கொடுத்துக்கொண்டிருக்கிறேன், என் வீட்டில் இது! வெட்கமாக இருந்தது. அம்மா மூன்று நாள் சாப்பிடவில்லை.

அப்போதுதான் இலவச சட்ட உதவி மையத்துக்குப் போனேன். அங்கே ஒரு பெண் வக்கீலை எங்களுக்கு ஒதுக்கிக் கொடுத்தார்கள். அவர் ஒரு பைசா வாங்கவில்லை. பேப்பரை வரிவரியாக அம்மாவுக்கே வாசித்துக் காட்டினார். "தப்பு உங்க மேல இல்லம்மா, வாசிச்சுக் காட்டாம வாங்கினவங்க மேல" என்றார். கடைசியில் மக்கள் நீதிமன்றத்தில், லோக் அதாலத் என்கிறோமே, அங்கே பேசி முடித்தோம். கடன் வாங்கியவரே தவணையில் கட்ட ஒப்புக்கொண்டார். எல்லா கேஸும் இப்படி நல்லபடியாக முடியும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் வக்கீல் என்றதும் அம்மாவுக்கு இருந்த பயம் அன்றோடு போனது.

சகோதரிகள் இதை நன்றாக மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். சட்டப்பணிகள் ஆணையச் சட்டம் என்று 1987இல் ஒரு சட்டம் வந்தது. 1995 நவம்பர் 9 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி பெண்கள், குழந்தைகள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் எல்லோருக்கும் இலவசமாக வக்கீல் வைத்துக் கொடுக்க வேண்டியது அரசின் கடமை. பெண் என்றால் வருமானம் எவ்வளவு என்று பார்க்க மாட்டார்கள். வக்கீல் பீஸ் மட்டும் அல்ல, கோர்ட் கட்டணம், மனு எழுதுவது எல்லாமே அதில் சேரும். திண்டுக்கல் மாவட்டக் கோர்ட்டில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணையம் இருக்கிறது. தாலுகா அளவில் வட்ட சட்டப்பணிகள் குழு இருக்கிறது. வெள்ளைப் பேப்பரில் விஷயத்தை எழுதிக் கொடுத்தால் போதும். எழுத வராது என்றால் வாயால் சொன்னாலும் அவர்களே எழுதிக்கொள்வார்கள். 15100 என்ற எண்ணுக்குப் போன் பண்ணியும் கேட்கலாம். மேலே டவர் கிடைக்காத வீடுகளில் இருப்பவர்கள் கீழே பஸ் ஸ்டாப்புக்கு வரும்போது பேசிக்கொள்ளுங்கள்.

லோக் அதாலத்தில் தீர்த்துக்கொண்டால் அதற்கு மேல் அப்பீல் கிடையாது. அதனால் அங்கேயும் என்ன எழுதுகிறார்கள் என்று வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும்.

நம்ம மலையில் வாழும் பளியர் சகோதரிகளுக்கு இன்னும் ஒன்று. 2006 வன உரிமைச் சட்டப்படி நில உரிமை கிடைத்தால், கல்யாணமானவர்களுக்குக் கணவன் மனைவி இருவர் பேரிலும் சேர்த்துத்தான் கொடுக்க வேண்டும். "வீட்டுக்காரர் பேர்ல மட்டும் இருக்குதே" என்று இருந்தால் சும்மா விட்டுவிடாதீர்கள். கிராம சபையில் கேளுங்கள்.

இந்தப் பாடத்தை எழுதி முடித்து, போன வாரம் ஆடலூர்க் கூட்டத்தில் ஒரு தடவை வாசித்துக் காட்டினேன். வைக்கம், லக்னோ எல்லாம் பெரியம்மாவுக்குப் புதுசு. ராத்திரிச் சீட்டு பற்றி வாசித்தபோது மட்டும், "எங்க அப்பத்தா வெளக்க அணைக்காமத்தான் தூங்கும். பழகிப் போச்சும்பா" என்றார். எதற்குப் பழகியது என்று யாரும் கேட்கவில்லை.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது நீங்கள் கையெழுத்தோ ரேகையோ வைத்த பேப்பர் ஏதாவது வீட்டில் இருந்தால் எடுத்து வாருங்கள். கடன் பத்திரம், நிலப் பத்திரம், தோட்டத்துக் குத்தகைச் சீட்டு எதுவானாலும் சரி. அசல் பேப்பரைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொண்டுவாருங்கள், மழை, பனியில் நனைந்துவிடக் கூடாது. ஒவ்வொன்றாகச் சத்தமாக வாசித்துப் பார்ப்போம். பெரியம்மா தன்னுடைய தகரப் பெட்டியையே தூக்கி வருவதாகச் சொல்லியிருக்கிறார்.